இறங்கிய ஆள் ஏறும்வரை

கிராவலி பீச், டேமர் ஆற்றங்கரை,
டாஸ்மேனியா
19 நவம்பர் 1987, வியாழன்

தம்பி ஹியூவுக்கு,

தொலைபேசியை நீ எடுக்கப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன். கடிதத்தைக் கிழிப்பதற்கு முன்னால் ஒருமுறையாவது படித்துப் பார்ப்பாய் என்ற நம்பிக்கைதான்.

இந்தப் பருவத்தின் முதல் புதன்கிழமைப் படகுப் பந்தயம் நேற்று நடந்தது. படகின் முன்பக்கத்தில், நீ உட்காரும் இடத்தில், தபால் நிலையத்து நோரினை உட்காரவைத்துக்கொண்டு போனேன். அவளைத்தான் உனக்குத் தெரியுமே. தபால்தலையை நாக்கில் வைத்து ஈரமாக்கும்போது மட்டும்தான் பேச்சை நிறுத்துவாள். நேற்று படகில் தபால்தலை எதுவும் இல்லை. கடல்காற்று மெல்ல வந்து, சாயங்காலம் ஆனதும் படுத்துவிட்டது. ஏழாவதாக வந்தோம்.

ஏப்ரலில் நீ செய்ததை நான் மறக்கவில்லை. பந்தயத்தின் நடுவில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் சேற்றில் இறங்கி வீட்டுக்கு நடந்தவன் இந்த ஆற்றில் நீ ஒருவன்தான். நான் முதலாவதாகக் கோட்டைத் தாண்டினேன், துப்பாக்கியும் வெடித்தது. ஆனால் புறப்பட்ட ஆட்களில் ஒருவர் குறைகிறார் என்று நம்மைப் பந்தயக் கணக்கிலிருந்தே தள்ளிவிட்டார்கள். கோப்பை போனது. நீயும் டார்வினுக்குப் போய்விட்டாய்.

நம் படகு கர்லூவை நாம் இருவரும் சேர்ந்து கட்டினோம். ஒருவன் சுக்கான் பிடிக்க, ஒருவன் முன்னால் இருந்து காற்றைப் பார்த்துச் சொல்ல என்றே கட்டினோம். பிப்ரவரி கடைசிப் புதனுக்குள் நீ வரவில்லை என்றால் அதைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவேன். அதன்பிறகு எனக்கும் தண்ணீர் வேண்டாம். இதை மிரட்டல் என்று நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள்.

மணிக்கட்டு பிசகியிருக்கிறது. நான் சொல்லச் சொல்ல நோரின் எழுதுகிறாள்.

உன் அண்ணன்,
கிளெம்

(இது நோரின். என்னைப் பற்றி மேலே உள்ளதையும் ஒரு சொல் விடாமல் நானேதான் எழுதினேன் என்பதைக் கவனிக்கவும்.)


டார்வின்
2 டிசம்பர் 1987

அண்ணா,

மணிக்கட்டு பிசகினவன் சுக்கான் பிடித்துப் பந்தயம் போகிறான், பேனா மட்டும் பிடிக்க முடியவில்லை. நல்ல கதை. என்னோடு நேருக்கு நேர் பேச இஷ்டமில்லை, அதனால் நடுவில் ஒரு ஆளை வைத்துக்கொண்டாய். நோரின், உன்மேல் எனக்குக் கோபமில்லை.

ஏப்ரலைப் பற்றி நீயே ஆரம்பித்ததால் என் பக்கத்தையும் கேள். கீழ் மிதவையைச் சுற்றிவிட்டுக் கரை நோக்கி வந்தோம். கடலுக்கு இறங்கும் வற்றம் எதிர்த்து ஓடியது. படகின் முன்னால் உப்பி விரியும் பலூன் பாய் நிரம்பியிருந்தது, அடியில் தண்ணீர் சலசலத்தது, ஆனால் படகு பின்னால் போய்க்கொண்டிருந்தது. துறைமேடையின் கடைசித் தூணையும் மேட்டிலிருக்கும் பைன் மரத்தையும் சேர்த்துப் பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும். "பின்னால போறோம் அண்ணா, நங்கூரத்தைப் போடலாம்"னு நான் எத்தனை தடவை சொன்னேன்? "தண்ணி ஓடற சத்தம் காதுல விழலையா? மீன் பிடிக்கறவன்தான் நங்கூரம் போடுவான்"னு நீ சொன்னாய். படகுக் கிளப் வராந்தாவில் எல்லாரும் கையில் சாசேஜோடு நின்று பார்த்துக்கொண்டிருக்க, நாம் பாய் விரித்தபடி பின்னோக்கிப் போய்ச் சேற்றுத் திட்டில் உட்கார்ந்தோம். அப்போதும் நீ, "நல்லாத்தானே போயிட்டிருந்தோம்" என்றாய்.

நான் இறங்கியது கோபத்தில்தான். இரண்டு நிமிடம் சேற்றில் நின்றால் தணிந்திருக்கும். ஆனால் என் எடை குறைந்ததும் படகு மிதந்துவிட்டது, எங்கிருந்தோ ஒரு காற்றும் வந்தது, நீ போய்விட்டாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அண்ணா. ஒருவன் படகை விட்டு இறங்கினால் அவன் மறுபடி ஏறும்வரை படகு அடுத்த மிதவைக்கு நகரக்கூடாது என்பது நம் கிளப் விதி. விதியை விடு. முழங்கால் சேற்றில் நிற்கிற தம்பியை விட்டுவிட்டா போவார்கள்? எனக்கு வலித்தது அதுதான். கோப்பை யாருக்கு வேண்டும்?

இங்கே மீன்பிடிக் கப்பல்களின் எஞ்சின் பழுது பார்க்கிறேன். மழை வருவேன் வருவேன் என்று புழுங்க அடிக்கிறது. படகை மூடுவதானால் மூடிக்கொள்.

ஹியூ


கிராவலி பீச்
17 டிசம்பர் 1987, வியாழன்

ஹியூ,

உன் கடிதத்தை நோரின் எனக்கு வாசித்துக் காட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டு, "நீ ஏன் திரும்பிப் பாக்கலை?"ன்னு கேட்டாள். அவளுக்கும் பதில் சொல்லவில்லை, உனக்கும் இப்போது சொல்லப்போவதில்லை.

நேற்றைய பந்தயத்தைச் சொல்கிறேன். காற்று சுத்தமாகச் செத்துவிட்டது. துப்பாக்கி வெடித்த பிறகும் ஒரு படகும் அசையவில்லை. வெடிப்புகை மட்டும் எல்லாரையும் முந்திக்கொண்டு மெதுவாகப் போனது என்று நோரின் சொன்னாள். பக்கத்துப் படகில் யாரோ பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்கள். எதிர்க்கரையில் ஒரு பெண் நாயைக் கூப்பிட்டாள், நாய் வரவில்லை, மறுபடி கூப்பிட்டாள். ஆறு அவ்வளவு அமைதி. அன்னங்கள் எங்கள் தலைக்கு மேலே பறந்தபோது இறக்கைகளின் விசில் ஒவ்வொன்றாகக் கேட்டது.

பாய் தொங்கிக் கிடந்தது. நான் சுக்கானை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கவில்லை. இந்த ஆற்றில் காற்று வருவதற்கு முன்னால் அறுத்த புல்லின் வாசம் வரும், தெரியுமா? அந்த வாசம் வந்தால் மனதுக்குள் கொஞ்ச நேரம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு இடது கன்னத்தில் லேசாகச் சில்லென்று படும். அப்போது சுக்கானை ஒரு விரல் அளவு தள்ளினால் போதும், அடியில் தண்ணீர் பேச ஆரம்பித்துவிடும். நேற்று அப்படி நான்கு படகுகளைத் தாண்டினேன். யாரும் யாரையும் திட்டவில்லை, கத்தவும் இல்லை. தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல ஒருவரை ஒருவர் கடந்து போனோம். எனக்குச் சாவு வருவதானால் இப்படி ஒரு புதன்கிழமை வரட்டும் என்று நினைத்தேன். நோரினிடம் சொன்னதற்கு, "நான் படகில இருக்கறப்போ வேண்டாம், எனக்குப் படகைத் திருப்பத் தெரியாது" என்றாள்.

மூன்றாவதாக வந்தோம். கிளப்பில் போட்ட சிப்பிக்கறிப் பலகாரம், ஸ்காலப் பை, சூடாக இருந்தது. உனக்கும் சேர்த்து இரண்டு வாங்கிவிட்டேன், பழக்கதோஷம்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

கிளெம்


டார்வின்
6 ஜனவரி 1988

அண்ணா,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மழை பிடித்துவிட்டது. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது, படிக்க நல்ல நேரம்.

ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தக் கடிதத்தில் சத்தம் இருக்கிறது, வாசம் இருக்கிறது, கன்னத்தில் காற்று இருக்கிறது. நீ பார்த்தது என்று ஒன்றுகூட இல்லை. புகை போனதுகூட நோரின் சொல்லித்தான் உனக்குத் தெரிகிறது. சின்ன வயதிலிருந்து எனக்கு முன்னால் நீதான் காற்றுப் பட்டுத் தண்ணீர் கறுப்பதைக் கண்டுபிடித்துக் கத்துவாய். மேகத்தின் விளிம்பைப் பார்த்து மழை சொல்வாய். நீயா இதை எழுதினாய்?

அதனால் ஒன்று கேட்கிறேன். நம்மோடு பந்தயம் ஓட்டும் ஸ்ட்ரோன் வீட்டார் புதுப் பலூன் பாய் வாங்கியிருக்கிறார்களாம். இங்கே வந்த ஒரு மாலுமி சொன்னான். அது என்ன நிறம்? நீதான் சொல்ல வேண்டும். நோரின், நீ வாயைத் திறக்காதே. உனக்கு அது கஷ்டம்தான், ஆனாலும்.

ஹியூ


கிராவலி பீச்
21 ஜனவரி 1988

ஹியூ,

இதை நானே எழுதுகிறேன். நோரினை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். வரிமேல் வரி ஏறியிருந்தால் பொறுத்துக்கொள், காகிதத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்து எழுதுகிறேன்.

பாயின் நிறம் எனக்குத் தெரியாது.

எதை நேராகப் பார்க்கிறேனோ அது இருப்பதில்லை. ஓரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். நீ இப்போது எதிரே உட்கார்ந்தால் உன் காது மட்டும் தெரியும், முகம் இருக்காது. இது இரண்டு வருடமாக மெதுவாக வந்தது. சரியாகாது, முழு இருட்டும் ஆகாது என்று லான்செஸ்டனில் டாக்டர் சொன்னார்.

தூணையும் மரத்தையும் பார் என்று நீ அன்றைக்குச் சொன்னபோது எனக்கு இரண்டுமே இல்லை. தண்ணீர் ஓடும் சத்தம்தான் இருந்தது. அதை நம்பினேன்.

நீ இறங்கியது எனக்குத் தெரியாது. தண்ணீரில் தொப்பென்று கேட்டது. கழியைப் போட்டுப் படகைத் தள்ளுகிறாய் என்று நினைத்தேன். படகு விடுபட்டதும் "சபாஷ்டா" என்றேன். நீ பதில் பேசவில்லை, கோபம் என்று விட்டுவிட்டேன். கோட்டைத் தாண்டி வெடி கேட்டதும், "ஹியூ, ஜெயிச்சுட்டோம்டா, பாயை இறக்கு" என்றேன். பாய் இறங்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன், கொஞ்சம் கெஞ்சித்தான் சொன்னேன். பந்தய அதிகாரி லயனல் படகைப் பக்கத்தில் கொண்டுவந்து, "யாரோட பேசறே கிளெம்?" என்று கேட்டான்.

அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. கண்ணைப் பற்றி முன்பே சொல்லியிருந்தால் சுக்கானை வாங்கிக்கொள்வீர்கள் என்று பயந்தேன். புதன்கிழமை இல்லாவிட்டால் எனக்கு வாரத்தில் வேறு என்ன இருக்கிறது?

உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை தம்பி. நீ முன்னால் இருக்கிறாய் என்று நினைத்துத்தான் போனேன்.

கிளெம்


டார்வின்
4 பிப்ரவரி 1988

அண்ணா,

பட்டறையில் எல்லாருக்கும் நடுவில் உன் கடிதத்தைப் பிரித்துவிட்டேன். படித்து முடித்ததும் எஞ்சினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். கண்ணில் டீசல் பட்டுவிட்டது என்று சொன்னேன். நோரின், இந்த இடத்தைச் சத்தமாகப் படிக்காதே. படித்துவிட்டாயானால் போகட்டும்.

எனக்கு இப்போது உன்மேல் வேறு கோபம். என்னிடம் சொல்லியிருக்கலாமே. நான் எதற்குச் சுக்கானை வாங்கப்போகிறேன்? நாற்பது வருடமாக முன்னால் உட்கார்ந்து உனக்குக் காற்றைச் சொல்கிறேன். கூடவே தூணையும் மரத்தையும் சொல்வதில் என்ன பாரம்?

வருகிறேன் என்று எழுதப்போனால் கை நிற்கிறது. ஒரு கப்பலின் எஞ்சினை முழுதாகப் பிரித்துப் போட்டிருக்கிறோம், மாதக் கடைசிவரை இருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அது ஒரு சாக்கு என்று உனக்கும் தெரியும். கிளப் வராந்தாவை நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது. எனக்குச் சேற்றுக்கால் என்று பெயர் வைத்திருப்பார்கள், இல்லையா?

அதுவரை ஒன்று செய். வற்றத்தில் வரும்போது தூணும் மரமும் எப்படி இருக்கின்றன என்று நோரினைக் கேட்டுக்கொண்டே வா. தூண் மரத்தை விட்டு விலகினால் நங்கூரத்தைப் போடு. சங்கிலியைக் கையால் பிடித்து மெதுவாக இறக்க வேண்டும். சத்தம் கேட்டால் மற்றவர்களும் போட்டுவிடுவார்கள். பாய் மட்டும் நிரம்பியபடியே இருக்கட்டும்.

ஹியூ


கிராவலி பீச்
18 பிப்ரவரி 1988, வியாழன்

தம்பி ஹியூ,

நோரின்தான் எழுதுகிறாள். சேற்றுக்கால் என்ற பெயர் உனக்கு வைத்தது உண்மைதான். மறைக்காமல் எழுதச் சொன்னேன்.

நேற்று நீ சொன்னபடியே செய்தோம். கீழ் மிதவையைச் சுற்றித் திரும்பியபோது நாங்கள் ஐந்தாவது. வடக்கிலிருந்து ஒரு மூச்சுக்காற்று, எதிரே வற்றம். எல்லாருடைய பலூன் பாயும் நிரம்பியிருந்தது. ஸ்ட்ரோன் வீட்டாருடையது ஆரஞ்சு நிறமாம், இப்போது அவள் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறேன். சூரியன் நம் பக்கத்து மேட்டுக்குப் பின்னால் போய், எதிர்க்கரை மட்டும் வெளிச்சமாக இருந்ததாம்.

"தூண் எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். "மரத்துக்கு நேரா இருக்கு", "இன்னும் நேராத்தான்", "கிளெம், தூண் நழுவுது." நோரின் சங்கிலியைக் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல இறக்கினாள். அவள் வாயை மூடிக்கொண்டு செய்த முதல் வேலை இதுதான்.

நங்கூரம் பிடித்ததும் என்ன நடந்தது தெரியுமா? முன்னால் தண்ணீரின் சத்தம் கூடிவிட்டது. காதை மட்டும் நம்பினால், நாங்கள் பறந்துகொண்டிருந்தோம். நின்ற இடத்தில் நின்றுகொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான் ஏப்ரலில் எப்படி ஏமாந்தேன் என்று முழுதாகப் புரிந்தது. அப்புறம் மற்ற படகுகள் ஒவ்வொன்றாக எங்களைக் கடந்து பின்னால் போயின. பாயெல்லாம் நிரம்பி, முகமெல்லாம் கிளப்பைப் பார்த்தபடி, பின்னால் போயின. டீ ஊற்றும் சத்தம், யாரோ முனகுகிற பாட்டு, ஸ்ட்ரோன் வீட்டுப் பெரியவர் தன் மகனிடம், "இந்தக் கிளெம் எப்படிடா முன்னால போறான்?" என்று கேட்டது, எல்லாம் என் வலது காதில் வந்து முதுகுப் பக்கம் போய்த் தேய்ந்தன. கனவில் ஊர்வலம் பார்த்ததுபோல இருந்தது. நாங்கள் அசையாமலே முதலிடத்துக்கு வந்துவிட்டோம்.

அப்போது சேற்று வாசம் வந்தது. "இது எந்த இடம்?" என்று கேட்டேன். "ஏப்ரல்ல ஹியூ இறங்கின திட்டு" என்றாள் நோரின்.

கொஞ்ச நேரத்தில் புல் வாசம் வந்தது, கன்னத்தில் காற்றுப் பட்டது. நல்ல காற்று. நோரின் எழுந்து சங்கிலியைப் பிடித்துவிட்டாள். கோடு எதிரேயே இருக்கிறது, ஒரு இழுப்பு இழுத்தால் ஜெயித்துவிடுவோம் என்றாள். வேண்டாம், விடு என்றேன். அவள் என்னைத் திட்டியதையெல்லாம் எழுத மறுக்கிறாள். பலூன் பாயை இறக்கச் சொன்னேன். பின்னால் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து, எங்களைக் கடந்து, கோட்டைத் தாண்டினார்கள். ஒவ்வொரு வெடியையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

லயனல் சிறு படகில் வந்தான்.

"என்ன சிக்கல் கிளெம்? நங்கூரம் மாட்டிக்கிச்சா?"

"இல்லை. ஒரு ஆள் இறங்கியிருக்கான். அவன் ஏறாம நகரக்கூடாதே. விதி."

"நோரின் இருக்காளே. யார் இறங்கினது? எப்ப?"

"என் தம்பி. போன ஏப்ரல்ல."

லயனல் துடுப்பு போடுவதை நிறுத்தினான். துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. பிறகு நானே கண்ணைப் பற்றி அவனிடம் சொன்னேன். அப்படியே நோரினோடு அவன் படகில் ஏறிக் கரைக்கு வந்து, வராந்தாவில் எல்லாருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னேன். அன்றைக்கு ஹியூ இறங்கியது எனக்குத் தெரியாது, பின்னால போறோம்னு அவன் சொன்னதுதான் சரி என்றும் சொன்னேன். யாரும் சுக்கானை வாங்கிக்கொள்ளவில்லை. எனக்காகப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இருக்கும்வரை நான் ஓட்டலாம் என்று லயனல் சொன்னான். ஸ்ட்ரோன் வீட்டுப் பெரியவர் சூடான ஸ்காலப் பை ஒன்றை என் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார்.

நோரின் அடுத்த புதன் வரமாட்டாளாம். பாட்டுக் குழுவில் அவளைத் தேடுகிறார்களாம். பொய் என்று நினைக்கிறேன். அவளே எழுதுவதால் இதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

கர்லூவைக் கரையேற்றவில்லை. அது இன்னும் அந்தத் திட்டுக்குப் பக்கத்தில்தான் நங்கூரத்தில் நிற்கிறது. இரவில் வற்றம் ஓடும்போது அதன் முன்னால் தண்ணீர் சலசலப்பது படுக்கையிலிருந்து கேட்கிறது. எங்கேயோ வேகமாகப் போய்க்கொண்டிருக்கிற மாதிரிதான் கேட்கிறது.

நான் நங்கூரத்தை எடுக்கப்போவதில்லை.

உன் அண்ணன்,
கிளெம்


தந்தி
டார்வின், 22 பிப்ரவரி 1988

நோரின் படித்துக் காட்டவும். எஞ்சினை வேறு ஆளிடம் ஒப்படைத்தாயிற்று. புதன் மதியம் வருகிறேன். துறைமேடைக்கு வர வேண்டாம். வற்றத்தில் சேற்றின் வழியாகவே நடந்து வந்து ஏறிக்கொள்கிறேன். நகராதே.

ஹியூ